நிழலுக்கு ஒரு குட்டிச் செடி: ஹோஸ்டாவுக்குப் பதில் கச்சோலம்

"நிழலில் என்ன வளர்க்கலாம்?" என்ற கேள்வியை இரண்டு வகையான ஆட்கள் கேட்கிறார்கள். முப்பது வயதுத் தென்னை நிற்கும் தோப்பில் கீழே காலியாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற விவசாயி ஒருவர். வீட்டின் வடக்குப் பக்கச் சுவர் ஓரத்திலும் மாமரத்தடியிலும் எதை வைத்தாலும் தலை நீட்டி நோஞ்சானாகப் போகிறதே என்று வருந்துகிற வீட்டுத் தோட்டக்காரர் இன்னொருவர். சில வருடங்களாக இந்த இரண்டாவது ஆளின் கேள்வியில் ஒரு புதுப்பெயர் சேர்ந்திருக்கிறது. ஹோஸ்டா. கைப்பேசியில் வரும் படங்களில் நீலமும் பச்சையும் கலந்த வட்ட இலைகள், மரத்தடியில் கிண்ணம் கவிழ்த்ததுபோல் அழகாகக் குவிந்திருக்கின்றன. உடனே ஆர்வம் வந்து, நூறு இருநூறு ரூபாய்க்கு விதைப் பொட்டலமோ, அதைவிடக் கூடுதல் விலைக்கு வேர்க்கட்டையோ தபாலில் வரவழைத்து விடுகிறார்கள். அடுத்த வருடம் தொட்டியில் மண் மட்டும்தான் மிஞ்சுகிறது.

ஹோஸ்டா நல்ல செடிதான். பிறந்த ஊர்தான் வேறு. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் இயற்கையாக வளர்வது. ஜப்பானியர் அதைக் கிபோஷி என்கிறார்கள். அங்கே வசந்தத்தில் மண்ணைப் பிளந்து வரும் இளந்தளிரை உருயி என்ற பெயரில் கீரையாகவும் சமைக்கிறார்கள். ஆஸ்திரியத் தாவரவியலாளர் நிக்கோலாஸ் தாமஸ் ஹோஸ்ட் என்பவரின் நினைவாக ஐரோப்பியர் வைத்த பெயர்தான் ஹோஸ்டா. 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய், இன்று ஆயிரக்கணக்கான ரகங்களாகப் பெருகிவிட்டது. ஆளுயரம் விரியும் பெரிய ரகங்களும் உண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ரகங்களும் உண்டு. குட்டிகளில் பேர்பெற்றது 'புளூ மவுஸ் இயர்ஸ்'. எலிக்காது போன்ற தடித்த நீல இலை, ஒரு சாண் உயரம், ஒன்றரைச் சாண் அகலம். 'புளூ கேடட்' என்ற ரகத்தில் தானாக ஏற்பட்ட மாற்றத்திலிருந்து கிடைத்தது இது. 2008-ஆம் ஆண்டின் சிறந்த ஹோஸ்டாவாக அமெரிக்க வளர்ப்பாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த நீல நிறம் இலையின் மேல் படிந்திருக்கும் ஒருவகை மெழுகுப் பூச்சினால் வருவது. நம் வெயிலில் அந்தப் பூச்சே நிற்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய சிக்கல் வேரில் இருக்கிறது. குளிர்காலம் வந்ததும் ஹோஸ்டாவின் இலைகள் மொத்தமாக அழிந்து, செடி மண்ணுக்குள் உறங்கப் போகும். அந்த உறக்கம் முழுமையாக, பல வாரங்கள் தொடர்ந்து 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் வேண்டும். அது கிடைக்காத செடி அடுத்த முறை சிறுத்து முளைக்கும், அதற்கடுத்த முறை இன்னும் சிறுத்துப் போகும், பிறகு முளைக்காது. மதுரையிலோ திருச்சியிலோ மார்கழிப் பனிக்குக்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குளிர்சாதனப் பெட்டியில் கிழங்கை வைத்து ஏமாற்றலாம் என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு தொட்டிக்கு அந்த வேடிக்கையைச் செய்து பார்க்கலாம். அதைத் தோட்டம் என்று சொல்ல முடியாது. ஊட்டியில் சில இரவுகளில் உறைபனி இறங்குவது உண்மைதான், ஆனால் அதே நாளின் பகல் வெயில் அந்தக் குளிரைக் கலைத்துவிடும். இமாச்சலம், காஷ்மீர் போன்ற இடங்களுக்குத்தான் இந்தச் செடி பொருந்தும்.

விதைப் பொட்டலம் வாங்குவதற்கு முன் இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். பெயர்பெற்ற ஹோஸ்டா ரகங்கள் விதையில் தாய்க்குணம் காட்டாது. வேர்க்கட்டையைப் பிரித்தோ திசு வளர்ப்பிலோதான் அந்த ரகத்தைப் பெருக்குவார்கள். ஆகவே "நீல ஹோஸ்டா விதை" என்று வண்ணப்படம் ஒட்டி விற்கிற பொட்டலத்தில், நல்ல விதையே இருந்தாலும், படத்திலுள்ள செடி வராது.

வெப்ப நாட்டுக்கு உரிய மாற்று

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை இருக்கிறது. புளோரிடா போன்ற தென்பகுதிகளில் குளிர் போதாமல் ஹோஸ்டா சரியாக வருவதில்லை. அங்குள்ள தோட்டக்காரர்கள் தேடிப்பிடித்த மாற்றுச் செடிக்குத் 'தெற்கின் ஹோஸ்டா' என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். அது கெம்ப்ஃபெரியா என்ற இனம். அந்த இனத்தில் முக்கியமான ஒன்று நம் பக்கத்து வீட்டுக்காரர். கேரளத்தில் தலைமுறை தலைமுறையாகத் தென்னைக்கு அடியில் பயிராகும் கச்சோலம்தான் அது.

இஞ்சி, மஞ்சளுக்குச் சொந்தக்காரச் செடி. ஆனால் அவற்றைப்போல் நிமிர்ந்து நிற்காது. இரண்டு மூன்று வட்ட இலைகளை விரித்து, தரையோடு தரையாக, தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒட்டிக் கிடக்கும். இலைகளுக்கு நடுவே ஊதாப் புள்ளி வைத்த வெள்ளைப்பூ காலையில் மலர்ந்து அன்றைக்கே வாடிவிடும், மறுநாள் இன்னொன்று மலரும். மண்ணுக்குள் விரல்நுனி அளவுக் கிழங்குகள் கொத்தாகச் சேரும். உடைத்தால் கற்பூரமும் இஞ்சியும் சேர்ந்தது போன்ற வாசனை. ஆயுர்வேத மருந்துகளுக்கும், குளியல் பொடிக்கும், வாசனை எண்ணெய்க்கும் இந்தக் கிழங்கு போகிறது. இந்தோனேசியாவில் கென்சூர் என்று அழைத்து, அரிசியோடு அரைத்து 'பெராஸ் கென்சூர்' என்ற பானமே செய்கிறார்கள். மலேசியாவில் செக்கூர் என்ற பெயரில் அதன் இலையையும் உணவில் சேர்க்கிறார்கள்.

ஹோஸ்டாவுக்கும் கச்சோலத்துக்கும் இலையில் மட்டுமல்ல, குணத்திலும் ஒற்றுமை உண்டு. இரண்டும் வருடத்தில் சில மாதம் இலையை உதிர்த்து மண்ணுக்குள் உறங்குபவை. ஹோஸ்டா குளிருக்குப் பயந்து உறங்குகிறது, கச்சோலம் வறட்சிக்குப் பயந்து உறங்குகிறது. நம் ஊரில் மாசி, பங்குனி, சித்திரையில் இயற்கையாகக் கிடைப்பது இந்த வறட்சிதான். செடி கேட்பதை நம் பருவமே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இங்கே கச்சோலம் நிலைக்கிறது.

இது தெரியாமல்தான் வீட்டுத் தோட்டத்தில் பல கச்சோலச் செடிகள் குப்பைக்குப் போகின்றன. மார்கழி பிறந்ததும் இலை மஞ்சளாகி ஓரம் காய ஆரம்பிக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். தையில் இலை முழுதும் காய்ந்து தொட்டி மொட்டையாக நிற்கும். இன்னும் ஊற்றுவார்கள். உறங்குகிற கிழங்கு அந்த ஈரத்தில் அழுகும். இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, காய்ந்ததும் அடியோடு நிறுத்தி, தொட்டியை மழை படாத ஓரத்தில் தள்ளி வைத்தால் போதும். கோடை மழை மண் வாசனை கிளப்பும் நேரத்தில் பச்சை மூக்கு தானாக எட்டிப்பார்க்கும்.

பெயரைக் கேட்டு வாங்கக் கூடாது

விதைக்கிழங்கு வாங்குவதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. கச்சோலம், கச்சோரம், கிச்சிலிக்கிழங்கு, பூலாங்கிழங்கு என்று நாட்டுமருந்துக் கடைகளில் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வார்கள். ஊருக்கு ஊர், ஏன் ஒரே தெருவில் கடைக்குக் கடை, பொருள் மாறும். இவற்றில் சில மஞ்சள் இனத்துக் கிழங்குகள். இடுப்பளவு வளர்ந்து நிற்பவை. மூட்டையாக வாங்கி நட்டுவிட்டு ஆடியில்தான் பயிர் வேறு என்று தெரிந்தால் அந்த வருடம் போச்சு. எனவே இலையோடு இருக்கும் பருவத்தில், அதாவது ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவில், வளர்ப்பவரின் பாத்தியை நேரில் போய்ப் பார்த்து அடையாளம் சொல்லி வைத்துவிட்டு, அறுவடையின்போது வாங்குவதுதான் உத்தமம். இலை தரையோடு படுத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் அது கச்சோலம் இல்லை. கடைகளில் விற்கும் காய்ந்த வில்லைகள் முளைக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் நட்டுப்பார்க்கத்தான் செய்கிறார்.

கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'கஸ்தூரி', 'ரஜனி' என்று இரண்டு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் அவற்றில் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் அழுகல் நோய் வராத தோட்டத்து உள்ளூர்க் கிழங்கே போதும்.

எந்தத் தோப்புக்கு ஏற்றது?

தென்னையை 25 அடிக்கு 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால், ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர் நிலம் கிடைக்கிறது. மரத்தின் வேலை செய்யும் வேர்களில் பெரும்பகுதி தண்டைச் சுற்றி 2 மீட்டர் ஆரத்துக்குள் அடங்கிவிடும். அந்த வட்டத்தின் பரப்பு பன்னிரண்டரை சதுர மீட்டர்தான். ஆக, தோப்பில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு நிலம் தென்னைக்கு நேரடியாகத் தேவைப்படாமல் கிடக்கிறது. தேங்காய் விலை இறங்கும் வருடத்தில் இந்த முக்கால் பங்குதான் குடும்பத்தைத் தாங்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தோப்பும் ஒன்றல்ல. நட்ட முதல் ஏழெட்டு வருடம் கீழே வெயில் தாராளம். கடலை, உளுந்து, காய்கறி என்று எதையும் போடலாம், கச்சோலத்துக்கு அவசியமே இல்லை. எட்டு முதல் 25 வயது வரை மட்டைகள் தாழ்வாக விரிந்து தரையை மூடிவிடும். அந்த அடர்ந்த இருட்டில் கச்சோலமும் இலையை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு கிழங்கு வைக்காமல் ஏமாற்றும். 25 வயதுக்கு மேல் மரம் உயர்ந்து, வெயில் சாய்வாக உள்ளே வரும் தோப்புதான் இதற்குச் சரியான இடம். கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் நிழல் இருப்பது நல்லது. அளக்கக் கருவி வேண்டாம். உச்சிவேளையில் தோப்புக்குள் நின்று ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, மேலே முழங்கை உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்களின் நிழல் தனித்தனியாகத் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். மங்கலாக ஒரு கறைபோல் விழுந்தால் அந்த இடம் வேண்டாம். நாலைந்து இடத்தில் இப்படிப் பார்த்தாலே தோப்பின் எந்தப் பகுதி உதவும் என்று புரிந்துவிடும்.

மண் பொலபொலப்பாக, தண்ணீர் தேங்காததாக இருக்க வேண்டும். செம்மண், மணல் கலந்த வண்டல் நன்று. களிமண் தோப்பில் பாத்தியை எவ்வளவு உயர்த்தினாலும் ஐப்பசி அடைமழைக்கு ஆபத்து. கடலோரத் தோப்புகளில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தாலும் தென்னை பொறுத்துக்கொள்ளும், இஞ்சிக் குடும்பம் பொறுக்காது. இஞ்சியோ மஞ்சளோ அழுகிப்போன நிலத்தில் உடனடியாக இதைப் போடுவதும் தவறு.

நடவும் பராமரிப்பும்

தென்மேற்குப் பருவமழை கிடைக்கும் கன்னியாகுமரி, தென்காசி, ஆனைமலை வட்டாரங்களில் கோடை மழை பெய்ததும் வைகாசியில் நடலாம். கிழக்கு மாவட்டங்களில் அந்த நேரத்தில் மழையை நம்ப முடியாது. ஆனியில் தண்ணீர் பாய்ச்சி முளைக்க வைக்க வேண்டும்.

தென்னந்தோப்பில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு பாத்தி அமைப்பதில்தான் இருக்கிறது. மரத்துக்குப் போகும் வாய்க்காலை ஒட்டிச் சமதளமாகக் கொத்தி நட்டுவிடுகிறார்கள், தென்னைக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் கச்சோலமும் குளிக்கிறது. மரத்தடி வட்டத்துக்கு 2 மீட்டர் விட்டு, ஒரு மீட்டர் அகலம், ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், அதாவது 25 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி போட வேண்டும். இரண்டு பாத்திக்கு நடுவில் வடிகால் பள்ளம் தோப்பின் தாழ்ந்த பக்கத்தை நோக்கி ஓட வேண்டும். தேங்காய் வெட்டும்போது குலை விழும் இடம், பொறுக்குகிறவர்கள் நடக்கும் தடம் இரண்டையும் பாத்திக்கு வெளியே ஒதுக்கிவிடுவது நல்லது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டு நடக்கும் தோப்பில் தரையோடு கிடக்கும் செடி ஒவ்வொரு முறையும் மிதிபட்டால் என்ன மிஞ்சும்?

ஏக்கருக்கு 8 டன் மக்கிய தொழுஉரத்தைப் பாத்தியில் கலந்து, 20 செ.மீ. வரிசை இடைவெளி, 15 செ.மீ. செடி இடைவெளியில், ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு நல்ல முளை இருக்கும்படி வெட்டி, 4 முதல் 5 செ.மீ. ஆழத்தில், முளை மேல்நோக்கி இருக்குமாறு நட வேண்டும். தனிப்பயிராக நட்டால் ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ விதைக்கிழங்கு ஆகும். தோப்பில் தென்னை வட்டங்களைக் கழித்தால் அதில் முக்கால்வாசி போதும். நட்டதும் காய்ந்த இலைதழை மூடாக்கு அவசியம். தென்னை மட்டையை அப்படியே போட்டால் முளை வளைந்து வெளிறிப்போகும். கீற்றை நறுக்கிப் போடலாம். மாவிலை, பலா இலை கிடைத்தால் இன்னும் நல்லது.

முளைத்து இலை விரியும்வரை மண்ணில் ஈரம் காயக்கூடாது. பிறகு மழை இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறையோ, மணற்பாங்கான இடமென்றால் இரண்டு முறையோ தண்ணீர் தந்தால் போதும். நட்ட 45-ஆம் நாளும் 90-ஆம் நாளும் களையெடுத்து மண் அணைக்க வேண்டும். இலை தரையில் ஒட்டியிருப்பதால் களைக்கொத்தைப் போட முடியாது, கையால்தான் பிடுங்க வேண்டும். ஆள்கூலி அதிகம் பிடிக்கும் வேலை இதுதான், செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். இலைகள் பாத்தியை மூடிவிட்ட பிறகு களை அதிகம் எழாது.

ரசாயன உரம் இடுபவர்கள் ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து தலா 20 கிலோ என்ற அளவில், மணிச்சத்தை அடியுரமாகவும் மற்ற இரண்டையும் இரண்டு களையெடுப்புகளின்போது பிரித்தும் இடலாம். மருந்து நிறுவனங்களில் இயற்கைமுறை விளைபொருளைக் கேட்பவர்களும் உண்டு, அவர்களுக்கு விற்க நினைப்பவர்கள் தொழுஉரம், வேப்பம்பிண்ணாக்கு, மண்புழு உரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எதுவானாலும் தென்னைக்கு உரிய பங்கைக் குறைக்கக் கூடாது. காய்ப்பு மரத்துக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுஉரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. ஊடுபயிருக்குப் போட்டதை மரமும் எடுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டால், இரண்டு வருடம் கழித்துக் குரும்பை உதிரும்போது கணக்குத் திரும்பி வரும்.

அழுகலும் நத்தையும்

மழைக்காலத்தில் வரும் இலை அழுகல்தான் இந்தப் பயிரின் முதல் எதிரி. இலையின் ஓரத்தில் நீர்கோத்த புள்ளியாக ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் முழு இலையும் குழகுழவென்று மண்ணோடு ஒட்டிவிடும். கண்ட உடனே அந்தச் செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தி, பாத்தியின் வடிகால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துக்கு எட்டு இடத்தில் குற்றம் வடிகாலில்தான் இருக்கும். அதன்பின் ஒரு சதவீத போர்டோ கலவையை மண் நனைய ஊற்றலாம். சிறிய அளவுக்கு 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு 5 லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கட்டும். சுத்தமான அரிவாள் நுனியைக் கலவையில் நனைத்துப் பார்த்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குக் கலக்கி அன்றே ஊற்றிவிடுவது முக்கியம். முன்னெச்சரிக்கையாக, நடும்போது டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுஉரத்தில் கலந்து இடுகிறவர்களும் உண்டு. நல்ல பழக்கம், ஆனால் போர்டோ கலவையையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே சமயத்தில் இட்டால் இரண்டாவதற்குக் கொடுத்த காசு வீண்.

ஹோஸ்டா வளர்க்கும் நாடுகளில் அவர்கள் நாள்தோறும் சபிப்பது நத்தைகளை. இங்கேயும் அதே கதைதான். ஆப்பிரிக்க ராட்சத நத்தை புகுந்துவிட்ட தோப்புகளில், இளம் இலைகள் ஒரே இரவில் சல்லடையாகும். தரையோடு படுத்த இலைக்கு அடியில் ஈரமும் நிழலும் இருப்பதால் பகலில் ஒளிவதற்கும் அதுவே இடம். மாலையில் நனைத்த சாக்குப்பையைப் பாத்தி ஓரத்தில் விரித்து, அதன் அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்தால் விடிகாலையில் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைசல் உள்ள வாளியில் போட்டு அழிக்கலாம். சிலர் உப்பைப் பாத்தியிலேயே தூவுகிறார்கள். நத்தையோடு செடியும் போகும்.

வீட்டு நிழல் தோட்டத்தில்

விற்பனைக்கு இல்லாமல் அழகுக்காக வளர்க்கிறவர்களுக்கு வேலை குறைவு. மாமரத்தடியில் மண் இறுகிக் கிடக்கும், வேரும் பின்னியிருக்கும். அங்கே குழி தோண்டி மல்லுக்கட்டுவதைவிட, அரையடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, செம்மண், மணல், மக்கிய உரம் சம பங்காகக் கலந்து நிரப்பி நட்டால் சுலபம். தொட்டியானால் ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். பழைய அகல வாய்ச் சட்டி, வெண்டைக்கு உதவாத ஆழம் குறைந்த டப்பா எல்லாம் இதற்குப் பொருத்தம். காலையில் இரண்டு மணி நேரம் வெயில் படுகிற கிழக்கு ஓரம் மிக நன்று. மேற்கு வெயில் பட்டால் இலை விளிம்பு கருகும்.

கச்சோலத்தில் நிறம் கிடையாது, பச்சை மட்டும்தான். இலையில் கோலம் வேண்டும் என்பவர்கள் அதே இனத்து இன்னொரு செடியைத் தேடலாம். மலையாளத்தில் செங்கழுநீர்க் கிழங்கு என்று சொல்லப்படும் கெம்ப்ஃபெரியா ரொட்டுண்டா. இலையின் மேற்புறம் வெள்ளிக் கோலமும் அடிப்புறம் கருஞ்சிவப்பும் இருக்கும். கோடை முடிவில் இலை வருவதற்கு முன்பே, வெறும் மண்ணிலிருந்து பூ மட்டும் தலை நீட்டும். வாசனையும் உண்டு. நம் குளத்தில் பூக்கும் செங்கழுநீரோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. கச்சோலத்துக்கு நடுநடுவே இதை வைத்தால் ஹோஸ்டாப் படத்தைப் பார்த்து ஏங்கியவர்களின் ஏக்கம் பாதி தீர்ந்துவிடும். இரண்டும் உறங்கும் மாதங்களில் இடம் வெறிச்சோடித் தெரிந்தால் அங்கே தொட்டிகளை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கேட்கும் செடியை மட்டும் மேலே நடக் கூடாது.

அறுவடையும் விற்பனையும்

நட்ட ஏழாவது மாதம், இலைகள் காய்ந்ததும் தோண்டலாம். மார்கழி, தை மாதங்கள் வரும். மழை நின்று மண் சற்றுக் காய்ந்த பிறகு தோண்டினால் கிழங்கில் சேறு ஒட்டாது. வேரை நீக்கிக் கழுவி, கூரான கத்தியால் 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக வில்லை போட்டு, சுத்தமான தளத்தில் நான்கு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். நான்காம் நாள் மாலை குவித்து வைத்து, மறுநாள் மீண்டும் ஒருமுறை பரப்பி எடுத்தால் நிறமும் மணமும் நன்றாக இருக்கும். நான்கு கிலோ பச்சைக் கிழங்குக்குச் சுமார் ஒரு கிலோ காய்ந்த வில்லை தேறும். கனம் கூடிய வில்லைக்குள் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், வண்டும் வரும். வாங்குகிற வியாபாரி முதலில் ஒடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். வளையாமல் பட்டென்று உடைய வேண்டும். மணத்துக்குக் காரணமான எண்ணெய் நாளாக நாளாகக் குறையும் என்பதால் காற்றுப் புகாத பையில் கட்டி வைப்பது நல்லது.

விலையைப் பற்றித்தான் எச்சரிக்கையாகப் பேச வேண்டியிருக்கிறது. கச்சோலம் எல்லா வீட்டிலும் தினமும் வாங்கும் பொருள் இல்லை. வாங்குகிறவர்கள் சிலர்தான், பெரும்பாலும் கேரளத்து மருந்து நிறுவனங்களும் திருச்சூர் பக்கத்து மூலிகை வியாபாரிகளும். ஒரு வருடம் வரத்துக் குறைந்தால் விலை எகிறும். அதைக் கேள்விப்பட்டு எல்லோரும் நடுவார்கள். அடுத்த அறுவடையில் விலை பாதிக்கும் கீழே போகும். மூலிகைப் பயிர்கள் எல்லாவற்றிலும் பார்த்துப் பழகிய கதைதான் இது. உச்ச விலையைக் காட்டி, விதைக்கிழங்கைக் கூடுதல் விலைக்குத் தலையில் கட்டி, "விளைந்ததை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்று வாய்வார்த்தை சொல்கிறவர்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு கிலோ கிழங்கும் வாங்கக் கூடாது. எழுத்தில் கொடுத்தாலும், அந்த ஆள் போன வருடம் யாரிடம் வாங்கினார் என்று கேட்டு, அந்த விவசாயியிடம் நேரில் பேசிவிடுவது நல்லது.

முதல் வருடம் ஒரு சென்ட் போதும். மூன்று கிலோ விதைக்கிழங்கு, இரண்டு மூன்று பாத்தி. களைக்கு எத்தனை ஆள் பிடித்தது, நத்தை எவ்வளவு தின்றது, ஐப்பசி மழைக்குத் தாங்கியதா, ஒரு பாத்தியில் எத்தனை கிலோ தோண்டினோம், காய்ந்தபின் எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், தன் தோப்புக்கு இது கட்டுபடியாகுமா என்பது அடுத்தவர் சொல்லாமலே தெரிந்துவிடும். காய்ந்த வில்லையில் கால்கிலோ மாதிரியை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டி விலை கேட்கலாம். விலை சரியில்லாவிட்டால் தோண்டாமல் விட்டுவைக்கவும் இதில் வழி உண்டு. கிழங்கு மண்ணிலேயே உறங்கி அடுத்த மழைக்குத் தழையும். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அப்படி விட்டால் நெருக்கத்தில் கிழங்கு சிறுத்துப் போகும்.

அடுத்த நடவுக்கான விதைக்கிழங்கைப் பிரித்தெடுக்கும்போது காயம்படாத, பருத்த கிழங்குகளாகப் பார்த்து, கழுவாமல் மண்ணை உதிர்த்துவிட்டு, நிழலான இடத்தில் ஒரு சிறு குழியில் காய்ந்த மணலும் கிழங்கும் மாற்றி மாற்றிப் பரப்பி, மேலே பனையோலையோ கீற்றோ மூடி வைக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும், தண்ணீர் படக் கூடாது. மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, அழுகியதை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மூடிவிடலாம். சித்திரைக் கடைசியில் முளை கட்டியிருக்கும்.